டேட் முடிந்த மருந்தை ஒளித்து வைக்காத கடை

தருமபுரி பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது இந்த மெடிக்கல். மூன்று பேர் சேர்ந்து நின்றால் கவுன்டர் நிறைந்துவிடும். உட்கார நாற்காலி கிடையாது. பெரிய கடைகள் போல தள்ளுபடி எழுதிய போர்டும் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டு மாத மருந்து முழுவதும் இங்கேதான் வாங்குகிறோம். விற்க முடியாமல் டேட் முடிந்துபோன மருந்தை இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டேன், உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். வேறு எந்த மருந்துக்கடையும் எனக்கு அதைக் காட்டியதில்லை.

எங்கள் வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும், இன்சுலின் போடுகிறார். கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தைராய்டு மாத்திரை. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், கையில் வாங்கும் எதிலும் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. கடையின் பெயரை எழுதலாமா என்று உரிமையாளரிடம் கேட்டேன். "செய்ய வேண்டியதைத்தானே செய்றோம் டீச்சர், பேரெல்லாம் வேண்டாம்" என்றார். சரி, பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அட்டை வெட்டும் விஷயம். நம் ஊரில் முழு அட்டை வாங்குகிறவர்கள் குறைவு. கூலி வேலை முடித்து வருகிறவர் காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கேட்பார். அவரிடம் பத்து மாத்திரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல முடியாது. அதனால் கத்தரிக்கோல் இல்லாத மெடிக்கலே இல்லை. சிக்கல் எங்கே என்றால், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேதி இருக்கும் பக்கத்தை முதலில் வெட்டிக் கொடுத்துவிட்டால், கடையில் மிச்சமிருக்கும் ஆறு மாத்திரைக்கு வயது என்ன என்று கடைக்காரருக்கே தெரியாது. இரண்டு வருடம் கழித்து அந்த ஆறில் இரண்டு யாராவது ஒருவர் கைக்குப் போகும்.

இந்தக் கடையில் தேதி இல்லாத பக்கத்திலிருந்துதான் வெட்டுவார்கள். தேதி உள்ள துண்டு கடைசி வரை ராக்கிலேயே இருக்கும். வாங்குகிறவர் கைக்கு வரும் தேதி இல்லாத துண்டை ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டு, மருந்தின் பெயர், பேட்ச், எக்ஸ்பயரி மூன்றையும் பேனாவால் எழுதித் தருவார்கள். நாலு மாத்திரை வாங்கினாலும் எழுதுவார்கள், இரண்டு வாங்கினாலும் எழுதுவார்கள். கூட்ட நேரத்தில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். கவுன்டரில் இருக்கும் பெண் அதற்காக எழுதாமல் விட்டதே இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் கியூஆர் கோடு கட்டாயம் என்று மத்திய அரசு கொண்டுவந்தது; போனில் ஸ்கேன் செய்தால் தயாரித்த நாள், காலாவதி, பேட்ச், கம்பெனி முகவரி எல்லாம் வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெட்டிய துண்டில் அந்த கியூஆர் கோடும் இல்லாமல் போய்விடுகிறதே. அங்கே அந்தக் காகிதக் கவரும் கையெழுத்தும்தான் துணை.

இதற்கு முன்னால் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த வேறொரு கடையில், கணவருக்கான மாத்திரையை இரண்டு துண்டுகளாகக் கொடுத்தார்கள். ஒன்றில் தேதி இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டு துண்டின் அலுமினியத் தாளும் ஒரே நிறத்தில் இல்லை. கேட்டபோது "அதெல்லாம் ஒரே ஸ்டாக்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். அன்று அந்த மாத்திரையை வாங்காமல் வந்தேன். இதய நோயாளிக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அது. அதன் வயது தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

இந்தக் கடையில் ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் இரும்புச்சத்து டானிக் கேட்டார். இருந்த ஒரே பாட்டிலை எடுத்துப் பார்த்த பெண் அதைத் தனியாக ஓரமாக வைத்துவிட்டு, நாளைக்கு வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்.

"அதுல இருக்கே, அதையே கொடும்மா. இன்னும் பத்து நாள் இருக்குங்கறியே."

"ஐயா, டாக்டர் காலையில ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடின்னு எழுதியிருக்கார். இந்தப் பாட்டில் தீர உங்களுக்கு இருபது நாள் ஆகும். பாதி மருந்தை டேட் முடிஞ்ச பிறகுதான் குடிப்பீங்க."

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. அன்றைக்கு விற்றிருந்தால் சட்டப்படி தவறே இல்லை. அட்டையில் 06 என்று மாதம் மட்டும் போட்டிருந்தால் ஜூன் 30 வரை நல்ல மருந்து என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் வாங்குகிறவர் அதை எப்போது தீர்ப்பார் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதற்கு மனசு வேண்டும். வத்தல்மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அடிக்கடி வர முடியாமல் இரண்டு மாத மருந்தை மொத்தமாக வாங்கிப் போவார்கள். அவர்களுக்கு எடுக்கும்போது ராக்கின் பின்பக்கம் கைவிட்டு, தேதி நீண்டு இருக்கும் அட்டையாக எடுத்துக் கொடுப்பதைக் கவனித்திருக்கிறேன். டேட் முதலில் முடிவது முன்னால், பின்னால் முடிவது பின்னால் என்றுதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னாலிருந்து எடுக்கிறார்கள், மலைக்காரர்களுக்குப் பின்னாலிருந்து. கடைக்கு இதில் லாபம் எதுவும் இல்லை.

இனி அந்த உள் அறை. மாதக் கடைசியில் ஒருநாள் எல்லா ராக்கையும் இறக்கிப் பார்க்கிறார்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் டேட் முடியப் போகும் மருந்துக்கெல்லாம் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். முடிந்தே போனதை அன்றைக்கே ராக்கிலிருந்து எடுத்து, உள் அறையில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். பெட்டியின் மேல்மூடியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் 'விற்பனைக்கு அல்ல'. பக்கத்தில் ஒரு நீள நோட்டு: மருந்தின் பெயர், பேட்ச், டேட், எத்தனை, எந்த ஸ்டாக்கிஸ்டிடம் (மொத்த வியாபாரியிடம்) வாங்கியது, எப்போது திரும்பப் போனது. உரிமையாளர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்து இருந்தது.

1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 65-வது விதி இதைத்தான் கேட்கிறது. டேட் முடிந்த மருந்தை விற்கவும் கூடாது, கடையில் இருப்பு வைக்கவும் கூடாது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ ஏற்பாடு நடந்துகொண்டிருந்தால் மட்டும், விற்பனைச் சரக்கிலிருந்து தனியாகப் பிரித்து, மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று தெளிவாக எழுதிய பெட்டியில் வைத்திருக்கலாம். சட்டம் எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். ஆனால் மருந்து ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அந்தப் பெட்டி முளைக்கும் கடைகளும் உண்டு என்று இந்தத் தொழிலில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சொல்லியிருக்கிறான்.

ஏன் அப்படி என்று இந்த உரிமையாளரிடமே கேட்டேன். அவர் சொன்ன கணக்கு புரிந்துகொள்ள வேண்டியது. முழு அட்டையாக, பெட்டியோடு இருக்கும் மருந்து டேட் முடிந்தால் ஸ்டாக்கிஸ்ட் எடுத்துக்கொண்டு, அதன் விலையைக் கடையின் கணக்கில் கழித்து கிரெடிட் நோட் போடுவார். ஆனால் அதற்கும் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். வெட்டிய அட்டையைப் பல கம்பெனிகள் எடுப்பதே இல்லை. பிரிட்ஜில் வைக்கும் சரக்கு சிலவற்றுக்கும் ரிட்டர்ன் கிடையாது. இந்த நஷ்டம் முழுவதும் சின்னக் கடைக்காரர் தலையில்தான் விழும். யாரோ ஒருவருக்கு இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுத்ததால் மிச்சம் எட்டு மாத்திரை வீணாகும். அந்த எட்டையும் எப்படியாவது தள்ளிவிடலாம் என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. "மாசத்துக்கு இவ்வளவு போகும்னு ஒதுக்கி வெச்சுடறேன் டீச்சர். கரண்ட் பில்லு மாதிரிதான், கட்டித்தான் ஆகணும்" என்றார். தள்ளுபடி ஏன் கொடுப்பதில்லை என்று அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

கம்பெனி எடுக்காததை என்ன செய்கிறார்கள்? பக்கத்து கிளினிக்குக்கு மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டி வருகிறது. அந்த ஏற்பாட்டிலேயே இவரும் சேர்ந்துகொண்டு, மஞ்சள் பையில் போட்டு எடை போட்டு அனுப்புகிறார். 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளில் டேட் முடிந்த மருந்து மஞ்சள் பை வகையில்தான் வருகிறது. ஒன்று தயாரித்தவருக்குத் திரும்பிப் போக வேண்டும், இல்லையென்றால் உயர் வெப்ப உலையில் எரிக்கப்பட வேண்டும். பையில் போடுவதற்கு முன் அட்டைகளைக் குறுக்கே வெட்டி, சிரப் பாட்டில் லேபிள்களில் மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போடுகிறார்கள். எதற்கு இவ்வளவு என்று யாராவது கேட்டால் 2010-ம் ஆண்டை நினைவுபடுத்துவேன். சென்னை கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கொட்டிய காலாவதி மருந்துகளைப் பொறுக்கி எடுத்து, தேதியை மாற்றி, புது லேபிள் ஒட்டி மறுபடியும் கடைகளுக்கு அனுப்பியது அப்போதுதான் வெளியே வந்தது. தமிழ்நாடு முழுக்கக் கடைகளில் சோதனை நடந்தது. முழுசாக வீசப்பட்ட அட்டையை எடுத்து விற்க ஆள் இருக்கிறது என்று அந்த வருடமே நமக்குத் தெரிந்துவிட்டது. வெட்டிக் கெடுத்த அட்டையை யாரும் விற்க முடியாது.

"டேட் முடிஞ்சா விஷமாவா ஆயிடும்?" என்று கேட்பவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலான மாத்திரை விஷமாவதில்லை, வீரியம் குறைகிறது. ஆனால் வீரியம் குறைவதே போதும் ஆளைக் கொல்ல. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் சூட்டிலும் வியர்வையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். வேலை செய்ய வேண்டிய அந்த ஐந்து நிமிடத்தில் வேலை செய்யவில்லை என்றால் என்ன ஆகும்? வீரியம் போன ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பழக்கம் கொடுத்துவிட்டுப் போகும். நிஜமாகவே கெடுதல் செய்ததும் உண்டு: பழசாகிச் சிதைந்த டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 1963-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், அட்டையில் அச்சிட்ட தேதியோடு இவர்கள் நிறுத்துவதில்லை. திறந்த பிறகு ஓடும் தேதி வேறு. பேரன் இங்கே வந்திருந்தபோது காதுவலிக்கு ஆன்டிபயாடிக் பவுடர் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் தண்ணீர் கலந்துகொள்ளும் வகை. பாட்டிலில் இன்னும் ஒன்றரை வருடம் டேட் இருந்தது. அந்தப் பெண் மார்க்கரால் 'கலந்த தேதி' என்று எழுதிக் கோடு போட்டு, "இதுல நீங்க தேதி எழுதிக்கோங்கம்மா. அன்னையிலிருந்து ஏழு நாள்தான், மிச்சமிருந்தா எடுத்து வைக்காதீங்க" என்றார். கணவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து வாங்கிய சொட்டு மருந்துக்கும் அப்படித்தான்; திறந்து நாலு வாரம் ஆனால் மிச்சம் இருந்தாலும் போடக்கூடாது என்று ஒரு சின்ன ஸ்டிக்கரே ஒட்டித் தந்தார். இன்சுலின் பெரும்பாலானவற்றுக்குத் திறந்த பின் 28 நாள், சிலவற்றுக்கு வேறு கணக்கு. எங்கள் மாமியார் போடுவதற்கு எத்தனை நாள் என்று பெட்டி மேலேயே எழுதிக் கொடுக்கிறார்கள்.

கடை மேற்குப் பார்த்தது. சித்திரை வெயில் மதியத்துக்கு மேல் நேராகக் கவுன்டரில் அடிக்கும். அதற்குத் தடுப்பாக மூங்கில் தட்டி போட்டு, உள்ளே ஒரு சின்ன ஏசியும் ஓடுகிறது. இன்சுலின் பிரிட்ஜில் ஒரு வெப்பமானி தொங்குகிறது; காலையும் மாலையும் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறார்கள். கரண்ட் போனால் பிரிட்ஜ் இன்வர்ட்டரில் ஓடும். டேட் இருக்கும் இன்சுலினும் வெயிலில் கிடந்தால் டேட் முடிந்ததற்குச் சமம்தானே. ஒருமுறை விற்ற இன்சுலினைத் திரும்ப வாங்கவே மாட்டார்கள். பெட்டி பிரிக்காமல் கொண்டுபோனாலும் மாட்டார்கள். வெளியே போய் எந்தச் சூட்டில் இருந்தது என்று தெரியாததை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது என்கிறார்கள். முதலில் கேட்கிறவருக்குக் கோபம் வரும். நியாயம் அவர்கள் பக்கம்தான்.

குறைகளும் உண்டு. மெதுவான கடை, அவசரமாகப் போனால் பொறுமை போய்விடும். எழுதிக் கொடுக்கும் மருந்தில் சில எப்போதும் இருக்காது, மறுநாள் வரச் சொல்வார்கள். கணினி பில்லில் பேட்சும் எக்ஸ்பயரியும் அச்சாகி வருகிறது, ஆனால் அந்தச் சூடு பட்டுக் கறுக்கும் தாள் சில மாதத்தில் வெளுத்து ஒன்றும் தெரியாமல் போகிறது. நல்ல தாளுக்கு மாற்றச் சொல்லிச் சொல்லியாயிற்று. மதியம் மருந்தாளுநர் சாப்பிடப் போனால் பையன் மட்டும் இருப்பான். டாக்டர் சீட்டு மருந்தை அவன் தொட மாட்டான். வயதானவர்கள் நிற்க வேண்டியிருப்பது பெரிய குறை. ஒரு பெஞ்சாவது போட இடம் இருக்கிறது.

எனக்கு உள்ள முக்கியமான மனக்குறை வேறு. வீட்டில் டேட் முடிந்து கிடக்கும் மருந்தை இவர்களும் வாங்கிக்கொள்வதில்லை. இது இந்தக் கடை மட்டும் தீர்க்கும் விஷயம் இல்லை என்பதும் புரிகிறது. எங்கே வாங்கியது, எப்படி வைத்தது என்று தெரியாத மருந்தை அவருடைய நோட்டில் எப்படி ஏற்றுவார்? ஆனால் நம் பக்கத்து வீடுகளில் மருந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே இங்கே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. எத்தனையோ பேருக்கு உயிர் காத்த திட்டம். நடுவில் டாக்டர் டோஸ் மாற்றினால் பழைய மாத்திரை டப்பாவிலேயே தங்கிவிடும். மாமியாரின் தோழிகள் வீட்டில் பிஸ்கட் டப்பா நிறைய அப்படிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலை சுற்றினால் "என்கிட்ட பிரஷர் மாத்திரை இருக்கு, போடு" என்று எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கேரளாவில் இதற்கென்றே 2025-ல் கோழிக்கோட்டில் என்பிரவுட் என்ற திட்டம் தொடங்கி, வீட்டு மருந்தைச் சேகரித்து எரிக்க அனுப்புகிறார்கள். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதே வருடம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மருந்து வணிகர் சங்கங்களும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் சேர்ந்து திரும்பப் பெறும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. தருமபுரியில் நான்கு ரோடு பக்கம் அப்படி ஒரு பெட்டி வைத்தால் முதல் ஆளாக நான் கொண்டுபோய்ப் போடுவேன். உரிமையாளரும் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பேசியாக வேண்டும்.

அதுவரைக்கும் அவர் சொல்லிக் கொடுக்கும் வழி இது. சாக்கடையில் ஊற்றக் கூடாது, கழிவறையில் போடக் கூடாது, காய்ந்த இலையோடு சேர்த்துக் கொளுத்தக் கூடாது. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடோ மண்ணோடோ பிசைந்து, இறுக்கிக் கட்டி, மற்ற குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகள் டேட் முடிந்த மருந்தை வீட்டு அபாயக் கழிவு என்றுதான் வகைப்படுத்தின. இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிக் கொடுங்கள். குப்பை பிரிக்கும் பெண்களின் கையில் குத்துவது நம் வீட்டு ஊசிதான். கழிவறையில் போடக் கூடாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மார்பின், பெண்டானில், டிரமடால் போன்ற 17 மருந்துகளை மட்டும், திருப்பிக் கொடுக்க வழியில்லை என்றால் கழிவறையில் ஊற்றி ஃப்ளஷ் செய்துவிடலாம் என்று மத்திய அமைப்பின் அந்த வழிகாட்டி சொல்கிறது. குழந்தையோ வளர்ப்பு நாயோ ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் உயிர் போகக்கூடும் என்பதால் அந்தத் தனிப் பட்டியல். புற்றுநோய் வலிக்கு வீட்டில் மருந்து கொடுத்துக் கொண்டிருப்பவர்கள் இதை மருந்தாளுநரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள், ஞாயிறு மதியத்தோடு சரி. மாதத்தின் கடைசி ஞாயிறு போகாதீர்கள், அன்று ராக் இறக்கிப் பார்க்கும் வேலை நடப்பதால் காத்திருக்க வேண்டிவரும். டாக்டர் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டால் தெரிந்தவர்களாக இருந்தாலும் கொடுக்க மாட்டார்கள்.